கதவில்லாக் கல்லறைகளின் நகரம்

1973. தென்கொரியாவின் தென்கிழக்கில் இருக்கும் கியோங்ஜுவைச் சுற்றுலா நகரமாக மாற்றும் வேலையில் அதிபர் பார்க் சுங் ஹீ மும்முரமாக இருந்தார். ஊர் நடுவே புல் மூடிய குன்றுகளாக நிற்கின்றன, இந்த ஊரைத் தலைநகராக்கி ஆண்ட சில்லா நாட்டு அரசர்களின் கல்லறைகள். அவற்றில் ஆகப் பெரியதைத் தோண்டி, மக்கள் உள்ளே போய்ப் பார்க்கும்படி திறந்துவிட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். தொல்லியலாளர்களுக்கோ வயிற்றில் புளி கரைந்தது. அவ்வளவு பெரிய கல்லறையில் அவர்கள் அதுவரை கை வைத்ததில்லை. ‘பக்கத்தில் இருக்கும் சின்ன மேட்டில் முதலில் பழகிக்கொள்கிறோம்’ என்று அனுமதி வாங்கினார்கள். 155 என்ற எண்ணைத் தவிர அந்த மேட்டுக்குப் பெயர்கூடக் கிடையாது.

அந்தக் கோடையில் மழை பொய்த்தது. அரசன் படுத்திருக்கும் குழியைக் கிளறினால் வானம் எப்படிப் பெய்யும் என்று ஊரார் முணுமுணுத்தார்கள். தங்கக் கிரீடத்தை வெளியே எடுத்த அன்று பளிச்சென்றிருந்த வானம் திடீரென்று இருண்டு இடியும் மழையுமாகக் கொட்டியதாக, அந்த அகழாய்வில் இருந்தவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். மழை உண்மையோ மிகையோ, கிரீடம் உண்மை. பழகிப் பார்க்கத் தோண்டிய மேட்டிலிருந்து 11,500-க்கும் மேற்பட்ட பொருள்கள் வெளிவந்தன. குதிரைச் சேணத்தின் பக்கவாட்டில் சேறு தெறிக்காமல் இருக்கக் கட்டித் தொங்கவிடும் பூர்ச்ச மரப்பட்டைத் தட்டி ஒன்றும் அவற்றில் இருந்தது. அதில், வானில் பாயும் வெள்ளைக் குதிரை. ஏறக்குறைய 1,500 ஆண்டு மண்ணுக்குள் கிடந்தும் நிறம் போகவில்லை. அந்தக் குதிரையின் பெயரையே கல்லறைக்கும் வைத்தார்கள்: சொன்மாசொங்.

கியோங்ஜுவில் ஒரு நாளைக் கழிக்கப் போகிறவர்கள் இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. இந்த நகரத்தில் தரைக்கு மேலே நின்றவை பெரும்பாலும் எரிந்துபோயின. இன்று நிற்பவற்றில் பாதிக்கு மேல் நம் காலத்துக் கட்டுமானம். மண்ணுக்குள்ளும் சேற்றுக்குள்ளும் கல்லுக்குள்ளும் போனவைதாம் பிழைத்தன. எதை எவ்வளவு நேரம் பார்ப்பது என்ற கணக்கை இதை வைத்துத்தான் போட வேண்டும். சுற்றுலாத் துண்டறிக்கைகள் அப்படிப் போடுவதில்லை.

ரயிலும் பேருந்தும்

சியோலிலிருந்து கேடிஎக்ஸ் அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம், சற்றுக் கூடலாம். பூசானிலிருந்து அரை மணிதான். ஹூண்டாய் நிறுவனத்தின் தாய் ஆலை இருக்கும் உல்சான் பக்கத்து நகரம். அந்நிறுவனத்தின் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து பயிற்சிக்கும் வேலைக்குமாக அங்கே போகிறவர்களுக்கு கியோங்ஜு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயணம். ஊர் நடுவே இருந்த பழைய ரயில் நிலையத்தை 2021 டிசம்பரில் மூடிவிட்டார்கள். இப்போது கியோங்ஜு நிலையம் என்று பெயர் தாங்கியிருப்பது நகரத்துக்கு வெளியே இருக்கும் அதிவேக ரயில் நிலையம். 2010-இல் திறந்தபோது அதற்கு ‘புதிய’ என்ற அடைமொழி இருந்தது. பழைய பயணக் குறிப்புகளை நம்பி இறங்குகிறவர்கள் கொஞ்சம் விழிப்பது இங்கேதான். அங்கிருந்து ஊருக்குள் போக நகரப் பேருந்து உண்டு. சியோலில் வாங்கிய டி-மணி பயண அட்டை இங்கேயும் செல்லும். வழி தேட நேவர் மேப் அல்லது காக்காவோ மேப் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். நமக்குப் பழகிய கூகுள் மேப் கொரியாவில் பாதிக் கண்தான் திறக்கும்.

காலையில் முதலில் மலைக்குப் போய்விடுவது உத்தமம். மதியத்துக்குள் ஊர் திரும்பி, மீதியை நடந்தே பார்க்கலாம். ஊருக்குள் பார்க்க வேண்டியவை எல்லாமே ஒன்றுக்கொன்று நடக்கிற தூரம்.

கண்ணாடிக்குப் பின்னால்

தோஹாம் மலையின் மேலே சொக்குராம் குகைக் கோயில். கீழே புல்குக்சா. இரண்டையும் யுனெஸ்கோ 1995-இல் சேர்த்தே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இரண்டையும் கட்டத் தொடங்கியவர் கிம் தேசொங் என்ற சில்லா அமைச்சர், ஆண்டு 751. இந்தப் பிறவியின் பெற்றோருக்காகப் புல்குக்சாவையும் முற்பிறவியின் பெற்றோருக்காகச் சொக்குராமையும் கட்டினார் என்று 13-ஆம் நூற்றாண்டு நூலான ‘சம்குக் யூசா’ சொல்கிறது. முற்பிறவிப் பெற்றோருக்குக்கூடக் கடமை பாக்கி வைக்காத மனிதர்! ஆனால் வேலை முடியும் முன்பே காலமாகிவிட்டார்; மீதியை அரசு முடித்தது.

சொக்குராம் குடைந்த குகை அன்று. கருங்கல் பலகைகளைச் செதுக்கி, ஒன்றோடொன்று பொருத்தி, மேலே வட்டக் கவிகை எழுப்பி, அதன்மேல் மண்ணைப் போட்டு மலையோடு மலையாக்கிய கட்டடம். கொரியாவின் பாறை குடைய முடியாத அளவுக்குக் கடினமானது, அதனால்தான் இப்படிக் கட்டினார்கள் என்று விளக்கப் பலகைகளும் வழிகாட்டிகளும் சொல்வதுண்டு. மாமல்லபுரத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த விளக்கம் அவ்வளவு எளிதில் செரிக்காது. கட்டியதற்குக் காரணம் எதுவானாலும், கட்டிய கை அசாத்தியமானது. நடுவே மூன்று மீட்டருக்கும் மேல் உயர்ந்து, பூமியைத் தொடும் முத்திரையோடு கிழக்குக் கடல் திசையை நோக்கி அமர்ந்திருக்கும் புத்தர். சுற்றுச் சுவரில் போதிசத்துவர்களும் புத்தரின் பத்துச் சீடர்களும். வட்ட அறைக்குள் நுழையும் இடத்தில் இரு பக்கமும் நிற்கிற இருவர் நமக்கு நன்கு அறிமுகமானவர்கள்: பிரம்மாவும் இந்திரனும். கொரியர்கள் அவர்களைப் பொம்சொன், ஜேசொக்சொன் என்கிறார்கள்.

இவ்வளவையும் நீங்கள் பார்க்கப் போவது ஒரு கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று. உள்ளே போக முடியாது. படமும் எடுக்கக் கூடாது. 1913 முதல் 1915 வரை ஜப்பானிய ஆட்சியினர் சொக்குராமைப் பிரித்துச் சீரமைத்தபோது, கவிகையைச் சுற்றிக் கனமாகக் கான்கிரீட் போட்டார்கள். அதுவரை மூச்சு விட்டுக்கொண்டிருந்த கட்டடத்தில் ஈரம் கட்டியது, சிற்பங்களில் நீர் கோத்தது, பாசி படர்ந்தது. பாசியை நீராவி பாய்ச்சிக் கழுவியது கல்லுக்கு இன்னொரு கேடு. 1960-களில் கொரியர்கள் செய்த சீரமைப்பும் அந்தக் கான்கிரீட்டை அகற்றவில்லை. அதன்மேல் இன்னோர் அடுக்கைப் போர்த்தியது. இன்றுவரை இயந்திரம் வைத்து ஈரத்தை உறிஞ்சி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேல் தானாகவே நின்ற ஒன்று, காப்பாற்றிய பிறகு மின்சாரம் இல்லாமல் நிற்க முடியவில்லை.

அதிகம் போனால் ஐந்து நிமிடம்தான் அங்கே நிற்கலாம். பின்னால் வரிசை தள்ளும். இதற்காகவா மலையேறி வந்தோம் என்று சலித்துக்கொள்வோர் உண்டு. எனக்கென்னவோ அந்த ஐந்து நிமிடம் போதுமானதாகவே இருந்தது. மூடிய அறைக்குள் ஒளி விழும் விதத்தில் அந்த முகம் சிரிக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்க முடியாமலே நகர்ந்து வந்தேன்.

இந்த இடத்தில் ஒரு சில்லாத் துறவியைச் சொல்ல வேண்டும். பெயர் ஹேச்சோ. இளம் வயதில் சீனா சென்று, அங்கே வஜ்ரபோதி என்ற ஆசானிடம் பயின்றார். வஜ்ரபோதி தென்னிந்தியர், காஞ்சிப் பல்லவ அரசவையோடு தொடர்புடையவர் என்று சீனக் குறிப்புகள் சொல்கின்றன. ஹேச்சோ பிறகு கடல்வழியாக இந்தியா வந்து, பல நாடுகள் சுற்றி, மத்திய ஆசியா வழியாக 727-இல் சீனா திரும்பினார். அவர் எழுதிய பயணக் குறிப்பு பல நூற்றாண்டுகள் காணாமல் போய், 1908-இல் தூன்ஹுவாங் குகையில் பிரெஞ்சு ஆய்வாளர் பெலியோ கையில் கிடைத்தது. இப்போது அது இருப்பது பாரிஸ் தேசிய நூலகத்தில். காஞ்சிக்கும் கியோங்ஜுவுக்கும் இடையே இழை தேடுகிறவர்களுக்கு இதுதான் பிடிமானமுள்ள இழை. நம் சமூக ஊடகங்களில் அடிக்கடி சுற்றிவரும் ‘கொரியாவுக்குப் போன தமிழ் இளவரசி’ கதை இந்த ஊரைச் சேர்ந்ததே அல்ல. அது கிம்ஹே என்ற வேறோர் ஊரின் கதை. பழைய கயா நாட்டின் கதை. அவள் எங்கிருந்து வந்தாள் என்பதற்கு உறுதியான சான்று எதுவும் இல்லை.

எரிந்த கோயில், எரியாத கல்

மலையிலிருந்து புல்குக்சாவுக்குப் பேருந்தும் உண்டு, காட்டு வழி நடைபாதையும் உண்டு. முட்டி நன்றாக இருந்தால் நடந்தே இறங்குங்கள். இரண்டு கோயில்களிலும் நுழைவுக் கட்டணத்தை 2023 மே மாதம் நீக்கிவிட்டார்கள்.

1593-இல் ஜப்பானியப் படையெடுப்பில் புல்குக்சாவின் மரக் கட்டடங்கள் எரிந்தன. பின்னர் அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியிருந்தாலும், இன்று நம் கண்ணை நிறைக்கும் முழு வடிவம் 1969 முதல் 1973 வரை நடந்த சீரமைப்பில் வந்தது. பச்சையும் சிவப்புமாகப் பளபளக்கும் தூண்களைப் படமெடுத்து முடித்ததும், தயவுசெய்து கீழே பாருங்கள். கோயிலைத் தாங்கி நிற்கும் கல் மேடை எட்டாம் நூற்றாண்டு வேலை. அடியில் மலையில் கிடந்தபடியே எடுத்து வைத்த ஒழுங்கற்ற பாறைகள். அவற்றின் மேல் சீராகச் செதுக்கிய நீளக் கற்கள். பாறையின் மேடு பள்ளத்தைத் தட்டிச் சமன் செய்யாமல், மேலே வரும் கல்லின் அடிப்பகுதியை அந்த மேடு பள்ளத்துக்கு ஏற்ப வெட்டிப் பொருத்தியிருக்கிறார்கள். விரல் நுழைய இடம் இல்லை.

முற்றத்தில் இரண்டு கல் கோபுரங்கள். அலங்காரமாக நிற்பது தாபோதாப். எளிமையாக நிற்பது சொக்காதாப். சியோல்காரர்கள் சட்டைப்பையில் போட்டு அலைந்த பத்து வோன் நாணயத்தில் 1966 முதல் இருப்பது தாபோதாப். அதன் மேடையில் நான்கு கல் சிங்கங்கள் இருந்தன. காலனிக் காலத்தில் மூன்று காணாமல் போய், இப்போது ஒன்றுதான் மிச்சம்.

எளிமையான சொக்காதாப்பின் கதைதான் பெரிது. 1966-இல் திருடர்கள் அதைக் கழற்றப் பார்த்தார்கள். உள்ளே இருக்கும் புனிதப் பேழையைக் குறிவைத்த கூட்டம். முடியாமல் போயிற்று, ஆனால் கோபுரம் நிலைகுலைந்தது. சரிசெய்வதற்காகக் கழற்றியபோது, உள்ளே சிறிய காகிதச் சுருள் ஒன்று இருந்தது. தாரணி மந்திரம் அச்சிட்ட சுருள். மரக்கட்டையில் எழுத்தைச் செதுக்கி மை தடவி எடுத்த அச்சு. கோபுரம் எழுந்த 751-க்கு முந்தியது என்கிறார்கள் கொரிய அறிஞர்கள். அப்படியானால் உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய மரக்கட்டை அச்சுப் பிரதிகளில் ஒன்று. அச்சடித்தது சீனாவிலா சில்லாவிலா என்ற வழக்கு இரு நாட்டு அறிஞர்களுக்கும் இடையே இன்னும் ஓயவில்லை. கல்லுக்குள் ஒளிந்திருந்த காகிதம் பிழைத்தது. வெளியே நின்ற மரத் தூண்கள் பிழைக்கவில்லை.

தட்டில் என்ன கிடைக்கும்

மதியம் ஊருக்குள் வந்துவிடலாம். கல்லறைப் பூங்காவை ஒட்டிய தெருக்களில் ‘சாம்பாப்’ சாப்பாடு பிரபலம். பலவகைக் கீரைகளும் இலைகளும் ஒரு தட்டில். சோறும் சோயாப் பசையும் தொடுகறிகளும் சுற்றிலும். இலையில் சோற்றை வைத்து மடித்து வாயில் போட வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்: பார்ப்பதற்கு முழுக்க இலை தழை; ஆனால் கிம்ச்சியில் இறால் அல்லது மீன் ஊறல், குழம்பில் நெத்திலிச் சாறு. கேட்டுச் சாப்பிடுங்கள்.

ஹ்வாங்ரிதான்கில் என்ற தெரு பத்தாண்டுக்குள் கிளம்பிய மோகம். பழைய ஓட்டு வீடுகளைக் காப்பிக் கடைகளாக மாற்றியிருக்கிறார்கள். வாரக்கடைசியில் தோளோடு தோள் இடிக்கும். இங்கே விற்கும் பத்து வோன் நாணய வடிவ ரொட்டியில் பாலாடைக்கட்டி இழுபடும். மேலே தாபோதாப் அச்சு. நாணயத்தின் உருவத்தை அனுமதியின்றி வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாமா என்று மத்திய வங்கி 2023-இல் கேள்வி எழுப்ப, ஊரே சிரித்தது. பின்னர் வங்கி விதியைத் தளர்த்திக்கொண்டது. ருசிக்கு வேண்டுமானால் ஹ்வாங்னம் ரொட்டியை வாங்குங்கள். 1939 முதல் இந்த ஊரில் செய்வது; மெல்லிய மாவுத் தோலுக்குள் சிவப்புப் பயற்றுப் பூரணம் நிறைய. மாவில் முட்டை உண்டு.

மணியும் மகுடமும்

கியோங்ஜு தேசிய அருங்காட்சியகத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்காமல் இந்த ஊருக்கு வருவதில் அர்த்தமில்லை. முற்றத்திலேயே சொங்தொக் அரசரின் வெண்கல மணி: 771-இல் வார்த்தது, எடை 18.9 டன். அவர் பெயரில் மகன் தொடங்கி, பேரன் முடித்த மணி. பல முறை வார்த்தும் ஒலி வராமல், ஒரு குழந்தையை உருக்கில் போட்ட பிறகுதான் ஒலித்தது, அந்த ஒலியில் குழந்தை அம்மாவைக் கூப்பிடுகிறது என்ற கதை கொரியாவில் எல்லாருக்கும் தெரியும். மணியின் மீது பொறித்திருக்கும் நீண்ட வாசகத்தில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. மணிக்குச் சேதம் வரக்கூடாதென்று வழக்கமாக அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். நீங்கள் கேட்பது பதிவு செய்த ஒலி. அடங்கி, மீண்டும் எழுந்து, அடங்கும் அந்த அதிர்வு ஒலிபெருக்கியிலும்கூட வயிற்றைத் தொடுகிறது.

உள்ளே தங்கம். சில்லாவின் தங்கக் கிரீடங்கள் என இதுவரை கிடைத்திருப்பவை ஆறு. மரக்கிளை வடிவில் எழும் தகடுகள், மான்கொம்பு வடிவக் கிளைகள், வளைந்த பச்சை மணிக்கற்கள், அசைந்தால் மினுங்கும் சிறு தங்க வட்டங்கள். 2025-இல் ஏபெக் உச்சி மாநாடு இந்த ஊரில் நடந்தபோது, பல அருங்காட்சியகங்களில் பிரிந்து கிடந்த ஆறையும் முதல்முறையாக இங்கே ஒன்றாக வைத்தார்கள். மாநாட்டுக்கு வந்த டொனால்டு டிரம்புக்குக் கொரிய அதிபர் கொடுத்த பரிசு சொன்மாசொங் கிரீடத்தின் நகல். அமெரிக்க வீதிகளில் ‘மன்னர்கள் வேண்டாம்’ என்று ஆர்ப்பாட்டம் நடந்து இரண்டு வாரம்கூட ஆகாத நேரம் அது.

கிரீடங்கள் பட்ட பாடும் கொஞ்சமல்ல. முதல் கிரீடம் 1921-இல் ஒரு வீட்டை விரிவாக்க மண் எடுத்தபோது தற்செயலாகத் தட்டுப்பட்டது. அன்றைய ஜப்பானிய அதிகாரிகள் முறையான தொல்லியலாளர் வருவதற்குக்கூடக் காத்திராமல் நான்கே நாளில் அள்ளி எடுத்தார்கள். 1926-இல் இன்னொரு கல்லறையைத் தோண்டியபோது, சுற்றுப்பயணம் வந்திருந்த ஸ்வீடன் பட்டத்து இளவரசர் குஸ்தாவ் அடால்ஃப் தம் கையாலேயே தோண்டுவதில் கலந்துகொண்டார்; அவர் தொல்லியலில் ஈடுபாடு உள்ளவர். அந்தக் கிரீடத்தை 1935-இல் பியோங்யாங்குக்குக் காட்சிக்குக் கொண்டுபோனார்கள். காட்சி முடிந்ததும் நடந்த விருந்தில் ஒரு நடனப் பெண்ணின் தலையில் அதைச் சூட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். படம் பத்திரிகையில் வெளியாகி நாறியது.

மேடுகளின் நடுவே

மாலைச் சாய்வெயிலில் தேரூங்வோன் பூங்கா. சுவருக்குள் 23 கல்லறைகள். புல் போர்த்தி, கவிழ்த்து வைத்த பெரிய மண்சட்டிகளாக நிற்கின்றன. பூங்காவுக்குக் கட்டணம் கிடையாது. உள்ளே நுழைந்து பார்க்க முடிகிற சொன்மாசொங்குக்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும்.

இவை ஏன் கொள்ளை போகவில்லை? அண்டை நாடான பெக்ஜேயின் கல்லறைகள் கல் அறையும் வாசலுமாக இருந்தன. வாசல் இருந்தால் திருடனுக்கும் வழி உண்டு. சில்லாவில் நான்காம் நூற்றாண்டிலிருந்து ஆறாம் நூற்றாண்டு வரை கட்டிய முறை வேறு. மர அறை கட்டி, உடலையும் பொருளையும் வைத்து மூடி, அதன்மேல் ஆயிரக்கணக்கான உருண்டைக் கற்களைக் குவித்து, களிமண் பூசி, மேலே மண் மேடு. கதவே கிடையாது. காலப்போக்கில் மரம் உளுத்து உடைய, கற்கள் அப்படியே உள்ளே சரிந்து எல்லாவற்றையும் புதைத்துக்கொண்டன. பக்கவாட்டில் குடைந்தால் கல் சரிந்து தோண்டுகிறவன் மேலேயே விழும். எந்த மேடு எந்த அரசனுடையது என்று பெரும்பாலும் தெரியாததற்கும் இதுவே காரணம். பெயர்ப்பலகை வைக்க உள்ளே போனவர் யாரும் இல்லை.

பழகிப் பார்த்த பிறகு, பக்கத்தில் இருந்த பெரிய மேட்டையும் தோண்டினார்கள். அது ஹ்வாங்னம் பெருங்கல்லறை: இரண்டு மேடுகள் ஒட்டியது, 120 மீட்டர் நீளம். தெற்கில் ஆண், வடக்கில் பெண். தங்கக் கிரீடம் கிடைத்தது பெண்ணின் பக்கத்தில்! ஆணுக்குக் கிடைத்தது தங்க முலாம் பூசிய வெண்கலம். ஏன் என்பதற்கு ஆளுக்கொரு ஊகம் சொல்கிறார்கள். ஆணின் கல்லறையில் பதின்ம வயதுப் பெண் ஒருத்தியின் எலும்புகளும் இருந்தன. துணைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதே கல்லறையில் மத்தியதரைக்கடல் பக்கத்துக் கண்ணாடிக் குடுவை ஒன்றும் வந்தது. உடைந்த கைப்பிடியைத் தங்கக் கம்பியால் சுற்றி ஒட்டுப்போட்டு வைத்திருந்தார்கள். தங்கம் மலிந்த நாட்டில் கண்ணாடிதான் அரிய பொருள்.

சுவருக்கு வெளியே சாலையைத் தாண்டினால் போங்ஹ்வாங்தே என்ற மேடு. பெரிய மரங்கள் அதன் மேலேயே வேர் விட்டு நிற்கின்றன. ஒரு காலத்தில் வீடுகளும் தோட்டங்களும் இந்த மேடுகளை ஒட்டியே இருந்தன. பூங்கா அமைக்க எழுபதுகளில் குடியிருந்தவர்களைக் காலி செய்தார்கள். இன்றும் கியோங்ஜுக்காரருக்குச் சொந்த மனையில் அஸ்திவாரம் தோண்டுவது அவ்வளவு சுலபமில்லை. ஓடோ பானையோ தட்டுப்பட்டால் வேலை நிற்கும். தொல்லியல் துறை வரும். மாடி உயர்த்தவும் கட்டுப்பாடு. பெட்ரோல் பங்குக்கும் ஓட்டுக் கூரை போட்ட ஊர் இது. ரசிப்பது நாம், விலை கொடுப்பது அவர்கள்.

பத்து நிமிட நடையில் சொம்சொங்தே. சொந்தொக் அரசியின் ஆட்சியில், அதாவது 632-க்கும் 647-க்கும் இடையில் எழுந்த கல் கோபுரம். ஒன்பது மீட்டர் உயரம். சில்லாவின் 27-ஆம் ஆட்சியாளர் அவர். கோபுரத்தின் கல் வரிசைகளும் 27. நடுவே ஒரு சாளரம், உள்ளே அதுவரை மண் நிரப்பியிருக்கிறது. வானம் பார்த்த மேடையா, வழிபாட்டுக்கான சின்னமா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். 2016 செப்டம்பர் 12-இல் கியோங்ஜுவை 5.8 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. கொரியாவில் கருவி வைத்து அளக்கத் தொடங்கிய பிறகு வந்தவற்றில் அதுதான் பெரியது. ஏற்கெனவே சாய்ந்திருந்த கோபுரம் இன்னும் இரண்டு சென்டிமீட்டர் சாய்ந்ததோடு சரி. இலையுதிர் காலத்தில் வந்தால், பக்கத்து வயலில் வளர்த்திருக்கும் இளஞ்சிவப்புப் புல்லின் முன்னால்தான் கூட்டம். கோபுரம் அந்தப் படங்களில் ஓரமாக வரும்.

கால் தாங்கினால் ஹ்வாங்யொங்சா கோயில் இருந்த இடத்துக்கும் போங்கள். எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த இடம். பார்க்க ஒன்றுமே இல்லாத இடம். அதே சொந்தொக் அரசி 645-இல், பகை நாடான பெக்ஜேயிலிருந்தே அபிஜி என்ற தச்சரை வரவழைத்து ஒன்பது அடுக்கு மரக் கோபுரம் கட்டினார். ஏறத்தாழ 80 மீட்டர் உயரம். 1238-இல் மங்கோலியர்கள் எரித்தார்கள். இப்போது புல்வெளியில் வரிசை வரிசையாக அடிக்கற்கள் மட்டும். நடு அடிக்கல்லின் பக்கத்தில் நின்று 80 மீட்டரை அண்ணாந்து கற்பனை செய்துகொள்ள வேண்டியதுதான். மீண்டும் கட்ட வேண்டும் என்று அவ்வப்போது பேச்சு எழுகிறது; கோபுரம் எப்படி இருந்தது என்று காட்டும் வரைபடம் எதுவும் கிடையாது. சற்றுத் தள்ளி ஆற்றின் மேல் 2018-இல் முடித்த வோல்ஜொங்யோ மரப் பாலம் விளக்கொளியில் ஜொலிக்கிறது. அதன் மேல்மாடத்துக்கும் சான்று போதாது என்ற விமர்சனம் உண்டு. கோபுரத்தையும் அப்படிக் கட்டிவிடாமல் இருந்தால் நல்லது.

சேறு காத்த பகடை

இருட்டியதும் வோல்ஜி குளம். முன்மு அரசர் 674-இல் அரண்மனையோடு அமைத்தது. எந்தக் கரையில் நின்றாலும் முழுக் குளமும் கண்ணில் படாதபடி கரையை வளைத்திருக்கிறார்கள். விளக்குப் போட்ட மண்டபங்கள் மூன்றும் புதிதாகக் கட்டியவை. தண்ணீரில் அவற்றின் நிழலைப் படம் எடுக்க முக்காலிகள் வரிசை கட்டும்.

1975-இல் குளத்தைத் தூர் வாரினார்கள். சேற்றிலிருந்து ஏறத்தாழ 30,000 பொருள்கள் வந்தன. கல்லறைகளில் கிடைத்தவை இறந்தவர்களுக்காகச் செய்தவை. இங்கே கிடைத்தவை உயிரோடு இருந்தவர்கள் புழங்கித் தவறவிட்டவை: படகு, கத்தரிக்கோல், கிண்ணங்கள், பூட்டுகள். ஒரு மரப் பகடையும் கிடைத்தது. பதினான்கு முகம், ஒவ்வொன்றிலும் குடிவிருந்துக்கான ஒரு தண்டனை. மூன்று கோப்பையை ஒரே மூச்சில் குடி. பாட்டில்லாமல் ஆடு. பலர் மூக்கில் அடித்தாலும் பொறுத்துக்கொள். ஆயிரம் ஆண்டுக்கு மேல் சேற்றில் கெடாமல் இருந்த அந்தப் பகடை, ஈரம் உலர்த்த வைத்த கருவி சூடேறியதில் கரியாகிவிட்டது. நல்லவேளை, அதற்குள் அளவெடுத்துப் படமும் எடுத்திருந்தார்கள். நகல் செய்தார்கள்; இன்று கடைகளில் நினைவுப் பொருளாகவும் கிடைக்கிறது.

ஒரு நாளில் விட்டுவிட வேண்டியவை பல. நாம்சான் மலை முழுக்கச் சிலைகளும் சிதைந்த கோயில்களும். அதற்குத் தனி நாள் வேண்டும். 2007-இல் அங்கே முகம் குப்புற விழுந்து கிடந்த பெரிய புத்தர் சிலையைக் கண்டார்கள். மூக்குக்கும் பாறைக்கும் இடையே ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி. முகத்தில் ஒரு கீறல் இல்லை. நிமிர்த்தலாமா வேண்டாமா என்ற பேச்சு நீண்டுகொண்டே போகிறது. கடற்கரைப் பாறைகளுக்கு நடுவே முன்மு அரசரை அடக்கம் செய்ததாகச் சொல்லும் இடமும் அந்தப் பட்டியலில் சேரும். பேருந்து எடுத்துப் போய்வர அரை நாள் போய்விடும்.

சில்லாவின் கடைசி அரசர் கியோங்சுன், 931-இல் வோல்ஜி குளக்கரையில் இருந்த மண்டபத்தில்தான் கொரியோ நாட்டு அரசர் வாங் கொன்னுக்கு விருந்து வைத்தார். நான்கு ஆண்டு முன்னால் பின்பெக்ஜே நாட்டுப் படை ஊருக்குள் புகுந்து முந்தைய அரசரைச் சாகடித்திருந்தது. விருந்தில் கியோங்சுன் அழுதார் என்று வரலாறு குறித்து வைத்திருக்கிறது. 935-இல் போரிடாமலே நாட்டை வாங் கொன்னிடம் ஒப்படைத்தார். வாங் கொன் அவருக்குத் தன் மகளைக் கட்டிக்கொடுத்து, பழைய தலைநகருக்கு கியோங்ஜு என்று பெயரிட்டு, அதையே மானியமாகவும் கொடுத்தார். அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்து, 978-இல் இறந்தார் கியோங்சுன். இந்த ஊரை விட்டு வெளியே அடக்கமான சில்லா அரசர் அவர் ஒருவர்தான். அவருடைய சின்ன மேடு வடக்கே யொன்சொன்னில், இரு கொரியாக்களையும் பிரிக்கும் எல்லைக்கு அருகில் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் சியோலிலிருந்து எதிர்த்திசையில் போக வேண்டும். வழியோரம் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகள் உண்டு. பாதையை விட்டு இறங்காதீர்கள்.